எழுதும் பொறியும் எழுத்தாளர் பிழைப்பும்

இலக்கியத் திறனாய்வு பெரும்பாலும் நூலைப் பற்றியது. நூலை இயற்றியவர் எவ்வாறு உண்டார், எவ்வாறு குடும்பத்தைக் காத்தார் என்பன திறனாய்வாளரின் ஆராய்ச்சிக்கு உரியன அல்ல என்று கருதுவோர் உளர். வறுமையிலும் புலமை வளர்ந்தமைக்குத் தமிழிலே எடுத்துக்காட்டுகள் பல இருத்தலின் அக்கருத்து எளிதில் ஏற்றுக்கொள்ளப்படுகின்றது. ஆயின், எழுதுவார் இன்றியே எழுத்துப் பெருகும் காலம் வந்துவிட்ட பின்னர், நூலை ஆராய்தலும் நூலாசிரியரின் பிழைப்பை ஆராய்தலும் இரு வேறு முயற்சிகளாக நிற்றல் இயலாது. 2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் திகதி ஓப்பன்ஏஐ என்னும் அமெரிக்க நிறுவனம் சாட்ஜிபிடி என்னும் உரையாடற் பொறியைப் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வெளியிட்டது. கதை, கட்டுரை, கடிதம், மொழிபெயர்ப்பு, விளம்பரம் யாவற்றையும் கேட்ட மாத்திரத்தில் எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவு அன்று முதல் வீடுதோறும் புகலாயிற்று. அதனால் மனித எழுத்தாளரின் தொழில் அழியுமா என்னும் வினாவும் உடன் எழுந்தது.

இவ்வினாவுக்கு விடை கூறுவோர் இரு திறத்தார். பொறிக்கு உணர்ச்சி இல்லை. ஆகவே எழுத்தாளர் அஞ்ச வேண்டியதில்லை என்பார் ஒரு சாரார். பொறி நாள்தோறும் திருந்திவருகின்றது. ஆகவே எழுத்தாளரின் காலம் முடிந்தது என்பார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் ஒரு பிழையைப் பொதுவாகச் செய்கின்றனர். எழுத்தாளர் என்போர் யாவரும் ஒரே தரத்தினர், ஒரே வகையில் வாழ்வோர் என்று கொண்டு, பொறி அவரை வெல்லுமா தோற்குமா என்று கணக்கிடுகின்றனர். இக்கணக்குப் பிழையானது என்பதை எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு சிறுகதை குறிப்பாற் காட்டியுள்ளது. ஆங்கில எழுத்தாளர் ரோல்ட் டால் (1916 - 1990) இயற்றிய ‘மாபெரும் தன்னியக்க இலக்கணப் பொறி’ என்னும் அக்கதை, 1953இல் வெளிவந்த ‘சம்வன் லைக் யூ’ என்னும் தொகுதியில் இடம்பெற்றது. சிறுவர் கதைகளாற் பெரும்புகழ் பெற்ற டால், வளர்ந்தோர்க்கென எழுதிய அங்கதக் கதைகளுள் இதுவும் ஒன்று. இக்கதை எதனைச் சரியாகக் கண்டது, எதனைக் காணத் தவறியது என்று ஆராய்ந்தால் மேற்கூறிய வினாவின் உண்மை வடிவம் புலனாகும்.

எழுதும் பொறி என்னும் கற்பனையைத் தொடக்கி வைத்தவர் டால் அல்லர். 1726இல் வெளிவந்த ‘கலிவரின் பயணங்கள்’ என்னும் நூலில் ஜோனதன் சுவிப்ட் அத்தகைய பொறியொன்றை வருணித்துள்ளார். லகாடோ நகரத்துக் கலைக்கழகத்தில் இருபது அடிச் சதுரமான ஒரு சட்டகம்; அதனுள் சொற்கள் ஒட்டப்பட்ட மரத்துண்டுகள்; சுற்றிலும் நாற்பது கைபிடிகள். மாணவர் நாற்பதின்மர் அவற்றைத் திருப்பத் திருப்பச் சொற்கள் இடம்மாறி விழும். பொருள்படும் தொடர் தோன்றியவிடத்து அதனை எழுதிக்கொள்வர். அறிவும் பயிற்சியும் இல்லாதவனும் இதனால் தத்துவம் முதலிய நூல்களை இயற்றலாம் என்று அங்குள்ள பேராசிரியர் பெருமைப்படுகின்றார். இருபதாம் நூற்றாண்டில், 1949இல், ஜோர்ஜ் ஓர்வெல் தம் நாவலில் அரசாங்கத்துக்காகக் கதை புனையும் இயந்திரங்களைக் காட்டினார். 1952இல் கிறிஸ்ரோபர் ஸ்ரேச்சி என்பார் மான்செஸ்ரர் பல்கலைக்கழகக் கணினியைக் கொண்டு காதற் கடிதங்களை உண்மையாகவே எழுதச் செய்தார். டாலின் கதை தோன்றிய காலத்தில் இக்கற்பனை அறிவியலின் வாயிலை வந்தடைந்திருந்தது.

சுவிப்ட் நகையாடியது போலிப் புலமையை. ஓர்வெல் அஞ்சியது அரசாங்கத்தை. எழுத்தாளரின் வருவாயை மையமாகக் கொண்டு கதை செய்தவர் டாலே. அதுவே அவர் கதையின் தனிச்சிறப்பு. கதைத்தலைவன் அடோல்ப் நைப் ஒரு பொறியியலாளன். அரசாங்கத்துக்கெனப் பெரிய கணிப்பு இயந்திரம் ஒன்றைச் செய்து முடித்தவன். ஆயினும் அவன் உள்ளம் எழுத்தையே நாடிற்று. அவன் எழுதிய கதைகள் யாவும் சஞ்சிகைகளாற் புறக்கணிக்கப்பட்டன. மொழியின் இலக்கணம் கணிதம் போன்ற விதிகளுக்கு உட்பட்டது என்பது ஒருநாள் அவன் மனத்திற் படுகின்றது. சொற்களையும் கதைப்பொருள்களையும் பொறியின் நினைவகத்தில் இட்டுவைத்தால் அது கதை எழுதும் என்று துணிகின்றான். முதலாளி போலன் முதலில் நகைக்கின்றார். கம்பளமும் நாற்காலியும் பாதணியும் செய்த கைவினைஞர் இயந்திரத்தோடு போட்டியிட இயலாது ஒழிந்தமையை நைப் எடுத்துக்காட்டி, கதையும் அவ்வாறு விற்கப்படும் பண்டமே என்கின்றான். இலாபக் கணக்கைக் கண்டதும் முதலாளி இணங்குகின்றார். எழுத்தாளர் என்னும் பெயரும் தமக்குக் கிடைக்கும் என்று அறிந்ததும் அவருடைய ஆர்வம் இருமடங்காகின்றது.

பொறி கதைகளை எழுதுகின்றது. பின்னர் நாவல்களையும் எழுதுகின்றது. பொத்தானை அழுத்தி நூலின் வகையையும் நடையையும் தெரிந்து, மிதிகட்டையை மிதித்து உணர்ச்சியைக் கூட்டவும் குறைக்கவும் இயல்கின்றது. முதலாளி ஆர்வமிகுதியால் மிதிகட்டையைக் கூடுதலாக மிதித்துவிட, அச்சிடத் தகாத நாவலொன்று வெளிப்படுவது கதையின் நகைச்சுவைப் பகுதி. அதன் பின்னரே கதை கடுமையடைகின்றது. நைப் எழுத்தாளரைத் தேடிச் செல்கின்றான். இனி ஒருபோதும் எழுதுவதில்லை, தம் பெயரைப் பொறியின் நூல்களுக்கு வழங்குவது என்னும் நிபந்தனைகளோடு வாழ்நாள் ஊதிய ஒப்பந்தம் ஒன்றை நீட்டுகின்றான். பலர் ஒப்பமிடுகின்றனர். கதையின் இறுதியில், ஒப்பமிடாத எழுத்தாளர் ஒருவர் பேசுகின்றார். அடுத்த அறையில் ஒன்பது பிள்ளைகள் பசியால் அழ, ஒப்பந்தத்தை நோக்கித் தம் கை நகர்வதை அவர் உணர்கின்றார். பிள்ளைகளைப் பட்டினியிடும் மனவலிமையைத் தருமாறு இறைவனை வேண்டுகின்றார். அதுவரை நகைத்த வாசகர் அவ்விடத்தில் நகைப்பை நிறுத்தாதிருத்தல் அரிது.

இக்கதையை இன்றைய நிலையோடு ஒப்பிடுங்கால் முதலிற் புலப்படுவது பொறியின் இயல்பு பற்றிய வேறுபாடு. நைப் செய்த பொறி இலக்கணத்தினின்று எழுதிற்று. இன்றைய பொறியோ இலக்கியத்தினின்று எழுதுகின்றது. அதற்கு எவரும் எழுவாய் பயனிலை கற்பித்தாரல்லர். கோடிக்கணக்கான பக்கங்களைக் கொண்ட எழுத்துக் குவியலை அதனுள் செலுத்தி, ஒரு சொல்லின் பின் எச்சொல் வருதல் கூடும் என்று கணிக்கப் பயிற்றுகின்றனர். அக்கணிப்பை மீண்டும் மீண்டும் செய்வதனாலேயே தொடரும் பந்தியும் நூலும் உருவாகின்றன. ஆகவே பொறியின் திறமை என்று போற்றப்படுவதன் அடியில் இருப்பது எண்ணற்ற மாந்தர் எழுதிவைத்த எழுத்தே. எழுத்தாளரின் தொழிலைப் பறிக்கக்கூடிய கருவி எழுத்தாளரின் உழைப்பினாலேயே செய்யப்பட்டது என்பது டாலின் கற்பனைக்கும் எட்டாத முரண்.

தமிழ் இலக்கண மரபு இவ்விடத்தில் நல்லதோர் உரைகல்லைத் தருகின்றது. நன்னூலின் சிறப்புப்பாயிரம் ஒரு நூலுக்குக் கூறவேண்டியவற்றை வகுக்குமிடத்து, ஆக்கியோன் பெயரை அடுத்து ‘வழி’ என்பதை வைக்கின்றது. இந்நூல் எந்நூலின் வழி வந்தது என்று கூறுதல் ஆசிரியனின் கடமை. நூல்களை முதல், வழி, சார்பு என்று பகுத்தமையும் இக்கடமையைப் பற்றியே. வழிநூல் செய்தல் இழிவன்று. வழியை மறைத்தலே இழிவு. பொறி எழுதும் நூலை இப்பாகுபாட்டுள் எங்கு வைப்பது? முன்னோரின் எழுத்தின்றி ஒரு தொடரும் அமையாமையின் அது முதனூல் அன்று. எம்முன்னோர் என்று சுட்ட இயலாமையின் அதனை வழிநூல் என்பதும் சார்புநூல் என்பதும் பொருந்தா. வழி உண்டு, வழியைக் கூறுவார் இல்லை.

இது வெறும் இலக்கண வினா அன்று. நீதிமன்றங்களின் முன் நிற்கும் வினாவும் ஆகும். 2023 செப்டெம்பரில் ஜோன் கிரிஷம், ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் முதலிய நாவலாசிரியர்கள் அமெரிக்க நூலாசிரியர் சங்கத்தோடு இணைந்து ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தனர். அந்த்ரோபிக் என்னும் நிறுவனத்துக்கு எதிரான மற்றொரு வழக்கில், 2025 ஜூனில் கலிபோர்னியாக் கூட்டாட்சி நீதிமன்றத்து நீதிபதி வில்லியம் அல்சப் நுணுக்கமான தீர்ப்பொன்றை வழங்கினார். விலைகொடுத்து வாங்கிய நூல்களைக் கொண்டு பொறியைப் பயிற்றுதல் சட்டத்துக்கு உட்பட்ட நியாயமான பயன்பாடு என்றும், திருட்டுப் பிரதிகளைத் தொகுத்து நூலகமாக வைத்துக்கொள்ளுதல் அவ்வாறாகாது என்றும் அவர் பகுத்துக் கூறினார். அதன் பின்னர் 150 கோடி டொலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொள்ள அந்நிறுவனம் இணங்கிற்று. ஏறத்தாழ ஐந்து இலட்சம் நூல்கள். நூலொன்றுக்கு ஏறத்தாழ 3,000 டொலர். நைப் கையில் ஒப்பந்தத்தோடு எழுத்தாளர் வீட்டுக்குச் சென்றான். இன்றைய எழுத்தாளருக்கு ஒப்பந்தம் நீதிமன்றத்தின் வழியாக, எல்லாம் நிகழ்ந்து முடிந்த பின்னரே வந்தது. அவ்வளவில் நைப் இன்றைய நிறுவனத்தாரினும் நேர்மையுடையவன் எனலாம்.

இரண்டாவதாக நோக்கத்தக்கது பெயர். டாலின் கதையில் பொறி எல்லாவற்றையும் செய்யவல்லது. ஒன்றுமட்டும் அதற்கு இல்லை. அதுவே எழுத்தாளரின் பெயர். நைப் பெருந்தொகை கொடுத்து வாங்குவது எழுத்தை அன்று, மௌனத்தையும் பெயரையுமே. வாசகர் ஒரு மனிதரின் நூலையே வாங்குகின்றனர் என்பதை டால் நன்கு உணர்ந்திருந்தார். இவ்வுண்மை இன்றும் மாறவில்லை. பொறியே தனித்து ஆக்கியதற்குப் பதிப்புரிமை இல்லை, ஆசிரியர் என்போர் மனிதராகவே இருத்தல் வேண்டும் என்று வாஷிங்டனிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில், ஓர் ஓவியம் பற்றிய வழக்கில், தீர்ப்பளித்தது. ஆக்கியோன் பெயரைப் பாயிரம் முதற்கண் கேட்பதன் பொருளும் இதுவே. பெயர் என்பது புகழுக்காக மட்டும் அன்று. கூறியதற்குப் பொறுப்பேற்பதற்காகவும் ஆம். பிழையெனின் இவரைக் கேட்கலாம். பொய்யெனின் இவர் நாணுவர். பொறியைக் கேட்டால் அது மன்னிப்புக் கோரும் தொடர் ஒன்றையும் அழகாக எழுதித்தரும்; நாணுதல் அதற்கு இல்லை.

மூன்றாவதாகக் கூறப்படுவதே இக்கதையின் மிக நுண்ணிய பகுதி. நைப் முதலிற் சிறந்த எழுத்தாளரை அணுகுகின்றான். அவருட் சிலர் இசையவில்லை. அதன்மேல், இடைத்தரத்தினரையே இனி நாடுவது என்று அவன் முடிவு செய்கின்றான். உயர்ந்தோர் தொகை மிகச் சிறிது. ஆகவே அவரைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்பது அவன் எண்ணம். ஓரிரு வாக்கியங்களில் டால் கூறிச்செல்லும் இச்செய்தியே இன்றைய நிலைமையின் கருப்பொருள். பொறி காளிதாசனை வெல்லுமா, சேக்ஸ்பியரை வெல்லுமா என்பது பட்டிமன்றத்துக்கு ஏற்ற வினா. பொறி யாருடைய இடத்தைப் பிடிக்கின்றது என்பதே வாழ்க்கை வினா.

அதற்குரிய சான்றுகள் இப்பொழுது கிடைத்துள்ளன. ஐக்கிய இராச்சியத்து நூலாசிரியர் கழகம் 2024இன் தொடக்கத்தில் தன் உறுப்பினரிடையே நடத்திய விசாரணையில், மொழிபெயர்ப்பாளருள் 36 வீதத்தினரும், ஓவியருள் 26 வீதத்தினரும் இப்பொறிகளால் ஏற்கனவே வேலை இழந்துள்ளதாகக் கூறினர். வேலை இழந்தோரின் பட்டியலில் மொழிபெயர்ப்பாளர் முன்னிற்பது தற்செயலன்று. மொழிபெயர்ப்பு, விளம்பர வாசகம், பொருள் விளக்கக் குறிப்பு, செய்திச் சுருக்கம் ஆகியவற்றைக் கேட்போர் பலர் நாடுவது ‘போதியது’ என்னும் தரத்தையே; சிறந்ததை அன்று. போதியதை விரைவிலும் மலிவிலும் தருவதில் பொறிக்கு நிகர் இல்லை. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் முன்னர் முழுநூலையும் மொழிபெயர்த்துப் பெற்ற ஊதியத்தின் ஒரு பகுதிக்கு, பொறி மொழிபெயர்த்ததைத் திருத்திக் கொடுக்குமாறு கேட்கப்படுகின்றார். வேலை அழியாதவிடத்தும் வேலையின் மதிப்புக் குறைகின்றது.

இவ்விழப்பு முழுவதையும் பொறியின் தலையிற் சுமத்துதல் நடுநிலைமை ஆகாது. எழுத்தையே முதன்மைத் தொழிலாகக் கொண்ட ஐக்கிய இராச்சிய எழுத்தாளரின் இடைநிலை ஆண்டு வருவாய் 2006இல் 12,330 பவுண். 2018இல் 10,497 பவுண். 2022இல் 7,000 பவுண். நூலாசிரியர் உரிமப் பணம் திரட்டி வழங்கும் சங்கம் வெளியிட்ட இக்கணக்கு, சாட்ஜிபிடி பரவுவதற்கு முந்திய காலத்துக்கு உரியது. எழுத்தாளரின் வீட்டுக் கூரை ஏற்கனவே ஒழுகிக்கொண்டிருந்தது. பொறி வந்தது மழையாக. நோய்க்குக் காரணம் ஒன்றென்று கொண்டு மருந்தும் ஒன்றே தேடுவோர் இதனை மறத்தலாகாது.

இடைத்தரத்து எழுத்தாளர் அழிந்தால் உலகுக்கு இழப்பு யாது என்று வினவலாம். சிறந்தோர் எஞ்சுவர், ஏனையோர் வேறு தொழில் தேடுவர் என்று கூறுதல் எளிது. இவ்விடத்திலேயே திறனாய்வு குறுக்கிட வேண்டியுள்ளது. சிறந்தோர் பிறக்கும்போதே சிறந்தோர் அல்லர். பத்திரிகை அலுவலகத்தில் மெய்ப்புத் திருத்தி, மொழிபெயர்த்து, பெயரில்லாத குறிப்புகளை எழுதி, அவ்வூதியத்தால் உண்டு, ஓய்ந்த இரவுகளிற் கதை எழுதிய மாந்தரே பின்னர் ஆசிரியர்களாயினர். இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளுள் ஒருவரான புதுமைப்பித்தனும் பத்திரிகைப் பணியும் மொழிபெயர்ப்பும் செய்து வாழ்ந்தவரே. அச்சிறு வேலைகள் வயிற்றுக்குச் சோறும் கைக்குப் பயிற்சியும் ஒருங்கே தந்தன. பொறி அகற்றுவது ஏணியின் உச்சியை அன்று, அடிப்படிகளை. உச்சியில் நிற்போர்க்கு அதனால் ஊறு இல்லை. ஆயின் அவர்க்குப் பின் ஏறிவருவோர் யார்?

அடிப்படி மற்றொரு வகையாலும் அடைபடுகின்றது. அமெரிக்காவில் வெளிவரும் ‘கிளார்க்ஸ்வேர்ல்ட்’ என்னும் அறிவியற் புனைகதைச் சஞ்சிகை, புதியோரின் கதைகளுக்கும் இடமளிப்பது. 2023 பெப்ரவரியில், ஒரு மாதம் முடிவதற்குள் ஏறத்தாழ ஐந்நூறு பொறிக்கதைகள் அதற்கு வந்து குவிந்தன. ஆசிரியர் நீல் கிளார்க் கதை ஏற்பதையே சிலகாலம் நிறுத்திவைத்தார். அதே ஆண்டு செப்டெம்பரில், அமேசன் நிறுவனம் தன் வெளியீட்டுத் தளத்தில் ஒருவர் நாளொன்றுக்கு மூன்று நூல்களுக்கு மேல் புதிதாகச் சேர்த்தலாகாது என்று வரையறுத்தது. நாளொன்றுக்கு மூன்று நூல்! அவ்வரம்பு தேவைப்பட்டமையே நிலைமையை உணர்த்தும். பொறிக்கதைகள் தரத்தால் வென்றில; ஆசிரியர் கிளார்க் அவற்றை மிக மட்டமானவை என்றே கண்டார். அவை வென்றது தொகையால். வாயிலிற் கூட்டம் நெருக்கும்போது முதலில் மிதிபடுவோர் அறிமுகமற்ற புதியோரே.

அச்சியந்திரம் வந்தபோதும் இவ்வாறே அஞ்சினர். பின்னர் யாவும் நன்றாகவே முடிந்தன என்று ஆறுதல் கூறுவோர் உளர். இவ்வொப்புமை யாழ்ப்பாணத்து வாசகருக்கு அணுக்கமானது. ஆறுமுக நாவலர் 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் கொணர்ந்து வண்ணார்பண்ணையில் நிறுவிய பின்னர், ஏட்டைப் படியெடுத்து வாழ்ந்தோரின் தொழில் படிப்படியாக மறைந்தது. ஆயின் பதிப்பாசிரியர் என்னும் புதிய புலமை எழுந்தது. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடங்களை ஆராயும் பொறுப்பு முழுவதும் ஒரு மனிதரின் தோளில் இருந்தது. ஆகவே அச்சு ஒரு தொழிலை அழித்து அதனினும் உயர்ந்த தொழிலைத் தந்தது என்பது உண்மையே. ஆனால் ஒப்புமை அவ்வளவில் நின்றுவிடுகின்றது. அச்சியந்திரம் ஒருவர் கூறியதைப் பல்லாயிரமாகப் பெருக்கிற்று. எவரும் கூறாத ஒன்றை அது தானே கூறிற்றிலது. நைப் காட்டிய நாற்காலி உவமையும் இக்காரணத்தாலேயே வழுவுடையது. ஒரு நாற்காலியைப் போன்ற மற்றொரு நாற்காலியும் அமர்தற்குப் பயன்படும். முன் படித்த கதையையே போன்ற மற்றொரு கதையால் வாசகருக்கு வரும் பயன் சிறிது.

பொறியைத் தொடுதலே எழுத்தாளருக்கு இழுக்கு என்று கூறுதலும் பொருந்தாது. யப்பானிய எழுத்தாளர் குதான் ரியே 2024 ஜனவரியில் அந்நாட்டின் புகழ்பெற்ற அகுதகாவா பரிசைப் பெற்றபோது, தம் நாவலில் ஏறத்தாழ ஐந்து வீதம் பொறி எழுதிய தொடர்களே என்று வெளிப்படையாகக் கூறினார். ஆரவாரம் எழுந்தது. ஆயின் அந்நாவல் செயற்கை நுண்ணறிவு பரவிய சமுதாயத்தைப் பற்றியது. அக்கதையில் பொறி பேசும் பகுதிகளிலேயே அவர் அத்தொடர்களைக் கையாண்டார். பொறி பேசவேண்டிய இடத்தில் பொறியைப் பேசவிட்டு, அதன் வெறுமையைக் கதையின் பொருளாக்கினார். எதனை எங்கு வைப்பது என்னும் தேர்வு அவருடையது. வழியைக் கூறிய நேர்மையும் அவருடையது. கருவி வேறு, ஆக்கியோன் வேறு என்பதற்கு இது தக்க சான்று.

டாலின் கதை காணத் தவறியதும் ஒன்றுண்டு. அக்கதையின் எழுத்தாளர் யாவரும் தனியர். ஒவ்வொருவரும் தத்தம் அறையில், தத்தம் கடனோடும் பசியோடும், நைப்பின் ஒப்பந்தத்தைத் தனித்து எதிர்கொள்கின்றனர். இறுதியில் பேசும் தந்தைக்கும் இறைவனைத் தவிரத் துணை இல்லை. உலகில் நிகழ்ந்தது வேறு. அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர் ஏறத்தாழ 11,500 பேர் 2023 மே 2ஆம் திகதி வேலைநிறுத்தம் தொடங்கி 148 நாள்கள் உறுதியாய் நின்றனர். ஊதியத்தோடு, செயற்கை நுண்ணறிவும் அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்று. செப்டெம்பரில் முடிந்த உடன்பாட்டின்படி, பொறி எழுதியது எழுத்தாளர் ஆக்கமாகக் கொள்ளப்படாது. பொறியைப் பயன்படுத்துமாறு எழுத்தாளரை வற்புறுத்தல் ஆகாது. பொறியின் எழுத்தைக் கொடுத்துத் திருத்தச் சொல்லும் நிறுவனம் அதனை மறைத்தல் ஆகாது. நிறுவனத்தின் இசைவோடு எழுத்தாளர் விரும்பினால் அதனைக் கருவியாகக் கொள்ளலாம். பொறியை எவரும் உடைத்தாரல்லர். பொறி யாருக்கு ஏவல் செய்வது என்பதை வரையறுத்தனர். தனியொருவரின் மனவலிமையால் ஆகாதது கூட்டுறவால் ஆயிற்று. இத்தகைய சங்கமில்லாத மொழிபெயர்ப்பாளரும் விளம்பர எழுத்தாளரும் அப்பாதுகாப்பைப் பெற்றிலர் என்பதும் உடன் நோக்கத்தக்கது.

இவ்வாராய்ச்சி தமிழுலகுக்கு எவ்வளவிற் பொருந்தும்? தமிழில், சிறப்பாக ஈழத்தில், எழுத்தையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்தோர் மிகச் சிலர். ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் பத்திரிகையாளராகவும் பணிபுரிந்து, ஓய்வு நேரத்தில் எழுதினோரே பலர். ஆகவே இல்லாத வருவாயைப் பொறி எவ்வாறு பறிக்கும் என்று எள்ளுதல் கூடும். ஆயின் மொழிபெயர்ப்பும் செய்தித்தாட் பணியும் இங்கும் எழுத்தாளரின் அடிப்படிகளாகவே இருந்து வந்துள்ளன. வேறோர் இடரும் உண்டு. பொறி தான் மிகுதியாகக் கண்ட எழுத்தையே மிகுதியாகத் திருப்பித் தரும். ஆங்கிலத்தோடு ஒப்பிடுங்கால் இணையத்தில் தமிழ் எழுத்துச் சிறிது; அதனுள்ளும் ஈழத்து வழக்கு மிகச் சிறிது. அச்சேறாத பேச்சும், ஊர்க்கு ஊர் வேறுபடும் உறவுப் பெயரும், கடலும் வயலும் சார்ந்த தொழிற் சொற்களும் அதனுள் இடம்பெறுதல் அரிது. எழுதுவோர் குறைந்து பொறியே எழுதும் நிலை வருமாயின், பொதுமையான ஒரு தமிழே எங்கும் நிலவும். ஒருவரின் பிழைப்போடு ஓர் ஊரின் சொல்லும் உடன் மறையும்.

இனி வினாவுக்கு விடை காணலாம். செயற்கை நுண்ணறிவு எழுத்து என்னும் கலையை அழிக்கும் என்பதற்குச் சான்று இல்லை. எழுத்தால் வாழ்தல் என்னும் தொழிலை, அதன் கீழ்ப்படிகளினின்று அது அரித்து வருகின்றது என்பதற்குச் சான்று உண்டு. அவ்வரிப்பு இயற்கையின் நியதியும் அன்று. வழியைக் கூறுமாறு வற்புறுத்தும் சட்டமும், ஆக்கியோன் பெயரைக் கேட்கும் வாசகரும், தம்முள் ஒன்றுபட்ட எழுத்தாளரும், புதியோருக்கு வாயிலைத் திறந்துவைக்கும் சஞ்சிகைகளும் உள்ளவிடத்து அது தடைப்படும். இவை இல்லாதவிடத்து, நைப்பின் வெற்றி அவனுடைய பொறியின் திறத்தால் அன்றிப் பிறரின் அலட்சியத்தாலேயே நிறைவேறும்.

கல்விக்கூடங்களுக்கு இதில் உரிய பங்கு பெரிது. எழுத்தாளரின் முதற்படி பத்திரிகை அலுவலகமும் அன்று; வகுப்பறைக் கட்டுரைக் கொப்பி. பதினாறு வயது மாணவர் தாமே எழுதிய கட்டுரையில் சந்திப்பிழை இருக்கும். கருத்து இடையிற் தடுமாறும். பொறி எழுதிய கட்டுரையில் அவை இரா. மதிப்பெண் பிழையின்மைக்கே உரியது என்று கொண்டால், மாணவர் பொறியை நாடுவதைக் குறைகூற வழியில்லை. தடுமாற்றத்தினிடையே ஒரு சொந்தச் சொல், தான் கண்ட ஒரு காட்சி, தானே எழுப்பிய ஓர் ஐயம் இருக்கக் கண்டு அதனைப் பாராட்டும் ஆசிரியர் உள்ளவரை, அவ்வடிப்படி உடையாது. கல்லூரிச் சஞ்சிகைகள் தலைமுறைதோறும் இளையோரின் முதிராத எழுத்துகளை அச்சேற்றி வந்தமைக்கும் காரணம் இதுவே. அவற்றுட் பலவற்றை இன்று எவரும் நினைவுகூரார். ஆயினும் தம் பெயர் அச்சிற் கண்ட அந்நாளில், எழுதியதற்குத் தாமே பொறுப்பு என்பதை அவ்விளையோர் கற்றனர். பொறியால் கற்றுக்கொள்ள இயலாததும், பொறியைக் கொண்டு எழுதுவோர் கற்காமலே விடக்கூடியதும் அப்பாடமே.